இடது கதவும் வலது கதவும்

என் மகள் தாளத்துக்கு அரை அடி பின்னால் வருகிறாள் என்று நடன டீச்சர் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்பாள் என் வீட்டுக்காரி. அன்றைக்குக் காரணம் இருந்தது, ஆனால் அதை வைத்துச் சண்டை போட முடியவில்லை.

"அவ பாட்டைக் கேட்டு ஆடல சார். பக்கத்துல நிக்கிற பொண்ணப் பார்த்துப் பார்த்து ஆடுறா. அந்தப் பொண்ணு கை தூக்கினப்புறம்தான் இவ தூக்குறா. எட்டுப் பேர்ல ஒருத்தி மட்டும் பின்னாடி வந்தா பளிச்சுனு தெரியுது." டீச்சர் குரலில் குத்தல் இல்லை. திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டலாம், பொறுமையாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது? "அடுத்த சனிக்கிழமை மறுபடி பார்க்கிறேன். அப்பவும் வரலேன்னா, மேடையோரமா திரை இழுக்கிற வேலை குடுத்துடலாம். அதுவும் முக்கியமான வேலைதான்."

மகள் எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, இரண்டு காதிலும் மெஷின். மெஷின் பேச்சை ஓரளவு கொண்டுவந்து சேர்க்கும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். பாட்டு என்றால் மட்டும் மெஷினுக்குக் கை கால் ஓடாது, எல்லாவற்றையும் கலந்து இரைச்சலாகக் கொட்டிவிடும். கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் கத்தியதால் சில்வண்டு என்று கூப்பிட ஆரம்பித்தேன். காது கேட்காது என்று தெரிந்த பிறகு அந்தப் பெயரை விட்டுவிடலாமா என்று கேட்டாள் வீட்டுக்காரி. எதற்கு விட வேண்டும்? குழந்தை அதேதான்.

"திரை இழுக்க மாட்டேன்" என்றாள் சில்வண்டு, பள்ளி வாசல் தாண்டியதும். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று என் பழைய கார் பஞ்சர். எங்களை அழைத்துப்போக என் மச்சினன் வந்திருந்தான், வீட்டுக்காரியின் தம்பி. கார் சாமான் கடை வைத்திருக்கிறான். அவன் கார் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டில் பாத்திரம் ஆடும். அந்தச் சத்தத்துக்கு அவனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றும் பாட்டை அலற விட்டுக்கொண்டுதான் வந்தான். பின் இருக்கையில் ஏறிய சில்வண்டு இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையில் பதித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள்.

"அப்பா, இங்க அடிக்குது" என்று தொடையைத் தட்டிக் காட்டினாள். "ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு ரெண்டு மூணு."

தாளம் சரியாக இருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் தாளம் போட்டு நான் பார்த்ததே இல்லை. திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன்.

மச்சினன் மறுநாள் அதே காரில் சரக்கு எடுக்க வெளியூர் கிளம்புகிறான், திரும்பப் பத்து நாளாகும். "வந்து உங்க வண்டிலயும் மாட்டித் தர்றேன் மாமா" என்றான். பத்து நாள் கழித்து மாட்டி என்ன பிரயோசனம்? அவன் கடையிலிருந்து இரண்டு கதவு ஸ்பீக்கரையும், அதற்குச் சத்தம் கூட்டித் தர ஒரு சின்ன ஆம்ப்பையும் எடுத்துக்கொண்டேன். மேளச் சத்தத்துக்கென்றே பின்னால் வைக்கிற பெரிய பாஸ் பெட்டி வேண்டாம், அங்கே நான் பலகை ஏற்ற வேண்டும்.

"உங்களுக்கு மாட்டத் தெரியுமா மாமா?"

"நான் தச்சன்டா. இருபத்தஞ்சு வருஷமா கதவு மாட்டுறேன். கார் கதவு என்ன வானத்துலேர்ந்தா குதிச்சுச்சு?"

அவன் ஒரு சுருள் ஒயரையும் பியூஸையும் கையில் திணித்தான். பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் தெரியும் என்றேன். மூன்று முறையும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை முற்றத்தில் வேலையை ஆரம்பித்தோம். விடுமுறை வாரம் என்பதால் சில்வண்டு கூடவே இருந்தாள். கழற்றிய திருகாணிகளை எந்த இடத்தில் கழற்றினோமோ அந்த வரிசையிலேயே ஒரு பலகைத் துண்டில் கதவின் படம் வரைந்து குத்தி வைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றியதில்லை. நான் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுவிட்டு அப்புறம் டப்பாவைத் திட்டுகிற ஆள்.

கதவின் உள்பலகையைப் பிடுங்கியபோது ஐந்து கிளிப்பில் மூன்று உடைந்தது. உள்ளே பழைய ஸ்பீக்கர் அப்பளம் மாதிரி நமுத்துப்போய்க் கிடந்தது. காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. இதிலா இத்தனை நாள் பாட்டுக் கேட்டோம் என்று நினைத்தேன். தகரத்தை விரலால் தட்டினேன், டப்பா மாதிரி சத்தம் வந்தது. மச்சினன் கொடுத்த தார்ப்பட்டையை வெட்டி ஒட்டியதும் அதே இடம் தேக்குக் கதவு மாதிரி 'தொம்' என்றது. அந்த ஒரு சத்தத்திலேயே எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

ஸ்பீக்கர் நேராகத் தகரத்தில் உட்காரக் கூடாது, அசையாமல் பிடிக்க ஒரு வளையம் வேண்டும். அது என் ராஜ்ஜியம். தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டில் இரண்டு வளையம் அறுத்து, இழைத்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன். கதவுக்குள் மூடி மறைகிற சாமானுக்கு எதற்கு வார்னிஷ் பளபளப்பு என்று வீட்டுக்காரி கேட்டாள். தெரியாதவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

திங்கள் முழுக்க ஒயர் இழுத்தேன். தரைவிரிப்புக்கு அடியில் நுழைத்து, ஆம்ப்பை முன் இருக்கைக்குக் கீழே திருகி, எர்த் ஒயருக்காகப் பெயின்ட்டைச் சுரண்டித் தகரத்தை வெளுக்க வைத்தேன். வலது கதவில் ஒரு சொருகி சேராமல் அடம் பிடித்தது. இடுக்கியால் ஒரு நசுக்கு நசுக்கினேன், சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் கச்சேரி. வீட்டுக்காரியும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். சில்வண்டு பின் இருக்கை நடுவில், வெறுங்காலோடு. நடனப் பாட்டைப் போட்டேன்.

பாடுகிறவள் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது. சலங்கை தனியாகக் கேட்டது. ஆனால் பறையும் மேளமும் எங்கேயோ தெருக்கோடியில் யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். குரல் காதைக் கிழித்தது, மேளம் அங்கேயே நின்றது. ஆம்ப்பில் இருந்த திருகைக் கடைசி வரை திருப்பினேன். வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

சில்வண்டு மெஷினைக் கழற்றி மடியில் வைத்தாள். காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒண்ணும் வரலப்பா. பழசே கொஞ்சம் வந்துச்சு."

"பழசா? அந்த நமுத்த குப்பையா? ரெண்டு நாளா முதுகு ஒடிய வேலை பார்த்திருக்கேன், உனக்குப் பழசுதான் உசத்தியா?" என்று கத்தினேன். மெஷின் இல்லாததால் அவளுக்கு என் குரல் கேட்டிருக்காது. ஆனால் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியை, ஓட்டும்போதும் அவள் என் வாயைப் பார்க்க வசதியாக, நானேதான் திருப்பி வைத்திருக்கிறேன். கண்ணாடியில் என் வாயைக் கடைசி வார்த்தை வரை பார்த்தாள். இறங்கி உள்ளே போய்விட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. பாட்டைச் சொல்லவில்லை. "ஒழுங்கா என் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. கேட்டா தலையில இருக்கிற கிரீடம் ஒண்ணும் கீழ விழுந்துடாது."

கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போன் போட்டேன். அவன் ஏதோ சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு, "அதான் மாமா, பாஸ் பெட்டி வேணும்னு அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்று மிச்சப் பொழுதெல்லாம் ஒரு மேஜைக்கால் கூட என்னால் நேராக அறுக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்காக ஆரம்பித்த வேலை, எப்போது எனக்காக மாறியதென்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை நான் பட்டறையைத் திறந்தபோது சில்வண்டு எனக்கு முன்பே வந்து காரில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊதிய பலூன், மடியில் நோட்டு.

"நேத்து..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் பேசலாம்பா. பாட்டைப் போடுங்க, சின்னதா."

பேச்சுப் பயிற்சி டீச்சர் வகுப்பில் பலூனைத்தான் கொடுப்பார்களாம். வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு 'ம்ம்' என்றால் பலூன் கைக்குள் துடிக்கும். காதுக்கு வராதது கைக்கு வரும். பாட்டுக்கும் துடிக்குமா என்று இரவெல்லாம் யோசித்தேன் என்றாள். நான் இரவெல்லாம் மச்சினனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின் இருக்கை நடுவில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பலூனைப் பிடித்தாள். "செத்துக் கிடக்கு" என்றாள். "இப்போ இடது பக்கம் மட்டும் விடுங்க."

எந்தப் பக்கம் பாட வேண்டும் என்று சொல்கிற பாலன்ஸ் திருகை இடது பக்கம் திருப்பினேன். அவள் முகம் மாறியது. "துடிக்குது! இப்போ வலது." திருப்பினேன். "இதுவும் துடிக்குது. இப்போ ரெண்டும்." நடுவுக்குக் கொண்டுவந்தேன். "செத்துப்போச்சு."

"அது எப்படி? ரெண்டும் சேர்ந்தா டபுளா வரணுமே. நீ சரியாப் பிடிக்கல."

அவள் பலூனை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய்ப் பாலன்ஸைப் பிடித்தாள். இடது: என் கைக்குள் ஏதோ உயிருள்ளது துள்ளுகிற மாதிரி இருந்தது. வலது: அதே துள்ளல். இரண்டும்: வெறும் ரப்பர். ஒரு முறையல்ல, இருக்கை மாற்றி இருக்கை உட்கார்ந்து நான்கு முறை பார்த்து, நான்கையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். நான் ஒரு முறை பார்த்தாலே தீர்ப்பு சொல்லிவிடுகிறவன்.

"தனித்தனியா நல்லாத்தான் வேலை செய்யுதுங்க. சேர்ந்தாத்தான் ஒண்ணு செய்றத இன்னொண்ணு கெடுக்குது. சமையலறைல நீங்களும் அம்மாவும் மாதிரி."

"சரி சரி, ஏன் கெடுக்குது?"

அவள் பலூனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினாள், விட்டாள். பிறகு ஒரு கையால் தள்ளி மறு கையை விலக்கினாள். திரும்பத் திரும்ப இதையே செய்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. ரெண்டு கையும் சேர்ந்து தள்ளினா பலூன் இறுகுது. ஒரு கை தள்ளும்போது இன்னொரு கை விலகிட்டா, பலூன் அப்படியே நகருது. இறுகவே மாட்டேங்குது. ஸ்பீக்கரும் காத்தைத் தள்ளுற கைதானே? ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு விலகுதோ?"

எனக்கு நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு கதவின் உள்பலகையையும் மறுபடி கழற்றினேன்.

கதவு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஜோடிக் கதவு செய்யும்போது இடது கதவுக்கு எதுவோ, வலது கதவுக்கு அது அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி. இடது கதவில் ஒன்று கீல் பக்கம் என்றால் வலது கதவிலும் கீல் பக்கம். யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும். ஸ்பீக்கரின் முதுகில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனை, ஒன்று அகலம், மற்றது ஒடுக்கம். இடது கதவில் பிளஸ் முனை கீல் பக்கம் வந்தது, சிவப்பு ஒயரை அதில் சொருகினேன். வலது கதவிலும் சிவப்பைக் கீல் பக்கமே சொருகியிருக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் கதவு இல்லையே! இரண்டும் ஒரே அச்சு. வலது கதவில் பிளஸ் முனை கைப்பிடிப் பக்கம் போய்விடும். நான் சொருகியது மைனஸ். அளவு சேரவில்லை என்று அதுவே அடம் பிடித்துச் சொன்னது, நான்தான் இடுக்கியால் அதன் வாயை அடைத்தேன். கடைக்காரப் பையன் கூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இருபத்தைந்து வருஷம் கதவு செய்தவன்தான் இதைச் செய்ய முடியும்.

ஒயரைப் பிரித்து மாற்றிச் சொருகினேன். பாட்டைப் போட்டேன்.

மேளம் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சில்வண்டு 'ஆ' என்று கத்தினாள், பலூன் கையைவிட்டு நழுவிக் கதவு வழியாக வெளியே போனது. அதைத் தேடாமல் காலைத் தரையில் பதித்து, கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்தாள். நான் உற்சாகத்தில் சத்தத்தைக் கூட்டினேன்.

"குறைங்க."

"குறைச்சா எப்படிம்மா?"

"இது உறுமுது. அடிக்கல. ஒவ்வொரு அடியும் தனியா வரணும்."

ஆம்ப்பின் திருகைப் பின்னால் திருப்பினேன். இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினாள். முக்கால்வாசி பின்னால் வந்த பிறகு, "நில்லுங்க" என்றாள். அந்த இடத்தில் அடி ஒவ்வொன்றும் வெட்டி வைத்த மாதிரி விழுந்தது. நல்ல காது இரண்டு வைத்திருக்கிற எனக்கு அந்த இடம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. என் மகளை எனக்குப் பிடிக்கும், அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு அவளை வேறொருத்தர் வீட்டுப் பெரிய மனுஷியைப் பார்க்கிற மாதிரி மரியாதையோடு பார்த்தேன்.

"நேத்து கத்தினது தப்பு" என்றேன், அவள் பார்க்கிற மாதிரி உதட்டைத் திறந்து.

"தெரியும்பா" என்றாள். "மறுபடி முதல்லேர்ந்து போடுங்க."

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கார் முற்றத்தைவிட்டு நகரவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வியர்த்து ஒழுக, அந்த ஒரே பாட்டை எத்தனை முறை கேட்டாளோ, எனக்கு இழைப்புளி கூட அந்தத் தாளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்பாள். இறங்கி மரச்சுருளுக்கு நடுவே ஆடுவாள். எங்காவது விட்டுப்போனால் ஓடிவந்து ஏறி உட்கார்ந்து காலால் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி இறங்குவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு முறைதான் ஏறினாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எட்டுப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். பெரிய மண்டபம், சிமெண்டுத் தரை, ஒலிபெருக்கி உயரத்தில் சுவரில் தொங்கியது. நானும் வீட்டுக்காரியும் ஓரமாக நின்றோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

நான் சில்வண்டின் காலைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தேன். பக்கத்துப் பெண் பக்கம் அது திரும்பினால் எல்லாம் முடிந்தது. திரும்பவில்லை. நேராக எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஆடினாள். எட்டுக் கையும் ஒன்றாக மேலே போயின, ஒன்றாகக் கீழே வந்தன. பாதியில் பக்கத்துப் பெண் ஒரு அடியைத் தவறவிட்டு, ஓரக்கண்ணால் இவளைப் பார்த்து மறுபடி பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள், வலித்தது.

பாட்டு முடிந்ததும் டீச்சர் சில்வண்டுக்கு முன்னால் போய் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "உன் இடம் உனக்குத்தான்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒயரை மாத்திச் சொருகினேன் டீச்சர். மத்ததெல்லாம் அவதான்" என்றேன். டீச்சருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

காரில் ஏறியதும் வீட்டுக்காரி பின்னால் திரும்பி, "அங்க தாளம் நல்லாக் கேட்டுச்சாடி?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலம்மா" என்றாள் சில்வண்டு. "மெஷின்ல வெறும் இரைச்சல். தரையில ஒரு அடி கூட வரல. டீச்சர் விரல் பொத்தானைத் தொட்டதும் எண்ண ஆரம்பிச்சேன். கார்ல கேட்டதைத்தான் ஆடினேன்."

சாவியைத் திருகப் போன என் கை அப்படியே நின்றது. கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை, கண்ணாடியில் அவளுக்கு என் முகம் முழுசாகத் தெரியும். அந்தப் பாட்டு முழுக்க, தாளமே வந்து சேராத இடத்தில் தனியாக நின்று, ஒரு அடி பிசகாமல் ஆடியிருக்கிறாள் என் பெண்.

"கேக்கலைன்னு முதல்லயே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னா நீங்க ஏறி அந்த ஸ்பீக்கரைக் கழட்டியிருப்பீங்க."

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மறுக்கவில்லை. திருப்புளி சட்டைப் பையில்தான் இருந்தது.